நிழலுக்குரிய நியாயம்: கறுப்பு வெள்ளை ஒளிப்படத்தின் ஒளிமாறுபாடும் மாத்தளைத் தோட்டத் தொழிலாளர் முகமும்

1

ஈழத்துத் தமிழ் விமர்சனத்தில் கவிதையும் நாவலும் நாடகமும் பெற்ற கவனத்தில் ஒரு சிறு பங்கையேனும் ஒளிப்படக்கலை பெற்றதில்லை. உருவமா உள்ளடக்கமா என்னும் விவாதம் அரை நூற்றாண்டுக்கு மேலாக நம்மிடையே நடைபெற்று வந்துள்ளது. ஆயினும் அவ்விவாதம் இருட்டறைக்குள் நுழைந்ததில்லை. ஒளிப்படம் பற்றிப் பேசுவோர் அதன் பொருளைப் பற்றிப் பேசுவர். இல்லையேல் கமராவின் விலையையும் வில்லையின் தரத்தையும் பற்றிப் பேசுவர். ஒரு தொழில்நுட்பத் தெரிவு எவ்வாறு ஒரு சமூகப் பார்வையாகவும் அமைந்துவிடுகின்றது என்னும் வினா ஆராயப்படாமலே கிடக்கின்றது.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்ளும் விடயம் ஒளிமாறுபாடு. ஒளிப்படக்காரர் 'கொன்ட்ராஸ்ட்' என வழங்குவது இதனையே. படமொன்றின் வெண்மைக்கும் கருமைக்கும் இடையிலுள்ள தூரத்தையும், அத்தூரத்தைச் சாம்பல் நிறங்கள் படிப்படியாகக் கடக்கும் விதத்தையும் இச்சொல் குறிக்கும். வெயிற் காட்சியொன்றில் மிகப் பிரகாசமான பகுதிக்கும் மிக இருண்ட பகுதிக்கும் இடையே பல நூறு மடங்கு ஒளிவேறுபாடு இருக்கக்கூடும். அச்சுத்தாளின் வெண்மைக்கும் கருமைக்கும் இடையே கிடைப்பதோ ஏறத்தாழ நூறு மடங்கு மாத்திரமே. ஆகவே காட்சியின் ஏதாவதொரு பகுதியை ஒடுக்காமலோ இழக்காமலோ படத்தை அச்சிடுதல் இயலாது. எதனைக் காப்பது, எதனை இழப்பது என்று தீர்மானிப்பதே ஒளிமாறுபாட்டைக் கட்டுப்படுத்தலாகும்.

இத்தீர்மானத்தில் யாருடைய முகம் இழக்கப்பட்டது? இலங்கையின் பெருந்தோட்ட ஒளிப்பட மரபை நோக்குமிடத்து, இழப்புப் பெரும்பாலும் தொழிலாளரின் முகத்திலேயே விழுந்துள்ளது என்பது நமது கருத்து. அதற்குப் பொருளியற் காரணங்களும் உண்டு; இரசாயனக் காரணங்களும் உண்டு. இரண்டையும் சேர்த்து நோக்குவதற்கு மாத்தளை மாவட்டம் பொருத்தமான களம். வடக்கே சிகிரியாவும் தம்புள்ளையும் அமைந்த வரண்ட வெளி. தெற்கேயும் கிழக்கேயும் உக்குவளை, இறத்தோட்டை, எல்கடுவை, கம்மடுவை எனத் தேயிலையும் இறப்பரும் கொக்கோவும் மிளகும் வளரும் மலைச்சரிவுகள். தொல்பொருள் ஒளிப்படமும் தோட்ட ஒளிப்படமும் இங்கு ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன.

2

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை, நாலந்தை ஊடாக மாத்தளைக்கு நடந்தனர். நோயாலும் பசியாலும் வழியில் மாண்டோர் பலர். கண்டியிலிருந்து மாத்தளைக்குப் புகையிரதப் பாதை திறக்கப்பட்டது 1880 இல். அதற்கு முற்பட்ட பல பதிற்றாண்டுகளில் மாத்தளை நடந்து வந்தோரின் வாசலாக விளங்கிற்று.

அதே காலத்தில் அதே பாதையின் அயலில் கமராவும் நடமாடிற்று. கண்டியில் நிலையம் நடத்திய ஜோசப் லோட்டன், தொல்பொருட் குழுவின் பொருட்டு 1870, 1871 ஆம் ஆண்டுகளில் அநுராதபுரம், பொலநறுவை, சிகிரியா ஆகிய இடங்களைப் படமாக்கினார். அவர் கையாண்டது ஈரக் கொலோடியன் கண்ணாடித் தகடு. தகட்டில் இரசாயனம் பூசி, அது ஈரமாயிருக்கும்போதே ஒளியூட்டி, உடனே கூடாரத்தினுள் உருத்துலக்கவேண்டும். ஒளியூட்டலுக்குச் சில விநாடிகள் தேவைப்பட்டன. கல் அசையாது, ஆதலால் அது துல்லியமாகப் பதிந்தது. நடந்துசெல்லும் மனிதர் அத்தகட்டில் வெறும் மங்கலாகவே தேறுவர். சிதைவுகளுக்குப் பணம் ஒதுக்கிய அரசு, சாலையில் நடந்தோரைப் பதிவுசெய்ய எவரையும் அமர்த்தவில்லை. கருவியின் குறைபாடும் ஆட்சியின் அக்கறையின்மையும் இவ்விடத்தில் ஒரே திசையில் இயங்கியமை மனங்கொள்ளத்தக்கது.

கொலோடியன் தகட்டுக்கு மற்றுமொரு குணமுண்டு. அது நீல ஒளியையும் ஊதா ஒளியையுமே உணரும். சிவப்பையும் மஞ்சளையும் ஏறக்குறைய உணராது. அதனால் வானம் வெளுத்துப் போகும், இலைகள் கறுக்கும். சிகிரியாவின் சுவரோவியங்களோ சிவப்பு, மஞ்சள் மண்ணிறங்கள் மேலோங்கியவை. கண்ணுக்கு ஒளிவிடும் பொன்மேனி அத்தகைய தகட்டில் இருண்டுவிடும். அவ்வோவியங்களை 1889 இல் அலிக் மறேயும், 1896, 1897 ஆம் ஆண்டுகளில் தொல்பொருள் அளவைத் திணைக்களத்தின் டி. ஏ. எல். பெரேராவும் கையாற் பிரதிசெய்தனர்.

மனிதத் தோலுக்கும் இவ்விதி பொருந்தும். கபில நிறத் தோல் சிவப்பொளியையே மிகுதியாகத் திருப்பி அனுப்புவது. நீலத்தை மட்டும் காணும் தகடு அத்தோலைக் கண் காண்பதைக் காட்டிலும் இருண்டதாகப் பதியும். இலையும் கறுக்க, முகமும் கறுக்க, இரண்டும் ஏறக்குறைய ஒரே தொனியில் வந்து கலக்கின்றன. வெள்ளைத் துணியும் வானமும் மாத்திரம் துலங்கித் தெரிகின்றன. செடியோடு செடியாகத் தொழிலாளரைக் காட்டும் பழைய தோட்டப் படங்களில், முகம் இலைக்குள் அமிழ்ந்துபோவதற்கு இது ஒரு காரணம். தகட்டுக்குத் துவேஷம் கிடையாது. ஆயினும் எந்தப் பிழையைத் திருத்த முயல்வது, எந்தப் பிழையோடு திருப்தியடைவது என்பது மனிதரின் தெரிவு. வெளுத்த வானத்தைத் திருத்துவதற்கு, வேறொரு நெகட்டிவிலிருந்து முகிலை எடுத்து ஒட்டி அச்சிடும் வழக்கம் அக்கால ஒளிப்படக்காரரிடையே நிலவிற்று. முகிலுக்குக் கிடைத்த அந்த உழைப்பு கொழுந்தெடுப்பவளின் முகத்துக்குக் கிடைக்கவில்லை.

3

இம்மரபில் விலக்காகக் குறிப்பிடத்தக்கவர் ஜூலியா மார்கிரட் கமரன். 1875 முதல் 1879 இல் மறையும் வரை இலங்கையில் வாழ்ந்த அவர், களுத்துறையில் தம்மைச் சூழ்ந்திருந்த உழைக்கும் மக்களைப் படமாக்கினார். அவர்களுள் தமிழ்த் தொழிலாளரும் இருந்தனர். அவருடைய கணவர் சார்ள்ஸ் ஹே கமரன், கோல்புறூக்-கமரன் ஆணைக்குழுவின் உறுப்பினராக இந்நாட்டின் நீதிமுறையைத் திருத்த விதந்துரைத்தவர். இங்கு கோப்பித் தோட்டங்களுக்கும் உரிமையாளர். சட்டம், மூலதனம், கலை ஆகிய மூன்றும் ஒரே வீட்டில் குடியிருந்தன.

கமரனும் கொலோடியன் தகட்டையே கையாண்டார். எனினும் அவர் அண்மையில் நின்று, மென்மையான பக்க ஒளியில், நீண்ட நேரம் ஒளியூட்டியமையால் இருண்ட தோலிலும் தொனிகள் கிட்டின. அதே தகட்டைக் கொண்டு தோட்ட முகத்தைப் பதிவுசெய்தல் சாத்தியமே என்பதற்கு அவருடைய படங்கள் சான்று. ஆயினும் இங்கிலாந்தில் அவர் எடுத்த படங்களுக்கு டெனிசன், ஹேர்ஷல், டார்வின் எனப் பெயர்கள் உண்டு. இலங்கையில் எடுத்த படமொன்றின் தலைப்போ 'களுத்துறைக் குடியானவர் குழு' என்பது. ஒளி முகத்தை மீட்டது. தலைப்பு அதனை மீண்டும் கூட்டத்துள் கரைத்தது.

கமரனுக்குப் பின் ஸ்கீன், ஸ்கோவன், பிளாட்டே முதலிய வர்த்தக நிலையங்கள் தோட்டக் காட்சிகளை அல்பங்களாக விற்றன. அவற்றை வாங்கியோர் துரைமாரும் பயணிகளும் ஆவர். அப்படங்களிற் பெரும்பாலானவற்றில் தொழிலாளியின் உருவம் செடியின் உயரத்தையும் தோட்டத்தின் பரப்பையும் உணர்த்தும் அளவுகோலாகவே பயன்பட்டது. அளவுகோலுக்கு முகம் வேண்டியதில்லை.

4

இருபதாம் நூற்றாண்டில் நிலைமை மாறிற்று. எல்லா நிறங்களையும் உணரும் பான்குரோமற்றிக் தகடு 1906 அளவில் சந்தைக்கு வந்தது. பின்னர் சிறு கமராக்களுக்கான படச்சுருளும் அத்தன்மை பெற்றது. இப்புதிய சாதனத்தை இந்நாட்டிற் கலையாக்கியவர்களுள் முதன்மையானவர் லயனல் வென்ட் (1900–1944). சட்டமும் பியானோவும் கற்று 1924 இல் நாடு திரும்பிய அவர், 1930களில் ஒளிப்படத்தில் ஆழ்ந்தார். 1938 இல் லண்டனில் அவருடைய தனிக் கண்காட்சி நடைபெற்றது. 1943 இல் தோன்றிய '43 குழு' ஓவியர்களுக்கு அவர் பெருந்துணையாக விளங்கினார்.

வென்டின் படங்களில் கறுத்த மேனி ஒருபோதும் வெறும் கறுப்பாக நிற்பதில்லை. தோளின் வளைவு, நெற்றியின் வியர்வை, முதுகின் தசை ஆகியன சாம்பலின் பல படிகளினூடாக வெளிப்படுகின்றன. உருத்துலக்கலின் நடுவே மீண்டும் சிறிது ஒளிகாட்டித் தொனிகளைப் புரட்டும் சோலரைசேஷன் முறையையும் அவர் கையாண்டார். இந்நாட்டு மனிதரின் தோல் நிறம் அழகியற் பெறுமானமுடையது என்பதை இருட்டறையில் நிறுவியவர் அவர் எனலாம்.

ஆயினும் வென்டின் உழைப்பாளி ஒரு சிற்பம். அவனுடைய உடல் தெரிகிறது. கூலிக் கணக்குத் தெரிவதில்லை. வென்ட் உரைவாசகக் குரல் கொடுத்த, பசில் றைட்டின் 'சோங் ஒஃப் சிலோன்' (1934) இலங்கைத் தேயிலைப் பிரசார சபைக்காக எடுக்கப்பட்டது. கொழுந்தெடுப்பவரின் காட்சிகள் மீது சந்தை விலைகளை ஒலிக்கச்செய்து வணிகத்தின் ஊடுருவலை அப்படம் நுட்பமாக உணர்த்துகின்றது. எனினும் லயத்தின் கதவு அதில் திறக்கப்படுவதில்லை. கறுப்பைக் காணும் கலைத்திறன் வாய்த்துவிட்டது. யாரை, எவ்வுறவில் வைத்துக் காண்பது என்னும் சமூக வினா எஞ்சிநின்றது.

5

இனி, கட்டுப்படுத்தும் முறையைச் சற்று விரிவாக நோக்குவோம். ஹேர்ட்டரும் டிறிஃபீல்டும் 1890 இல் வெளியிட்ட ஆய்வு, ஒளியூட்டலுக்கும் நெகட்டிவின் கருமைக்கும் உள்ள உறவை ஒரு வளைகோடாக வரைந்து காட்டிற்று. அதன் வழிவந்த பயன்பாட்டு விதி எளிமையானது. காட்சியின் நிழற்பகுதியை ஒளியூட்டல் தீர்மானிக்கும். வெளிச்சப் பகுதியை உருத்துலக்கும் நேரம் தீர்மானிக்கும். நிழலில் ஒளிபட்ட வெள்ளித் துகள்கள் சொற்பமாதலால் அவற்றின் வளர்ச்சி விரைவில் நின்றுவிடும். வெளிச்சப் பகுதியோ நேரம் செல்லச் செல்ல மேலும் அடர்ந்துகொண்டே போகும். அன்சல் அடம்ஸும் பிரெட் ஆர்ச்சரும் 1940 அளவில் வகுத்த வலய முறை இவ்விதியையே கறுப்பு முதல் வெள்ளை வரையிலான படிகளாக ஒழுங்குபடுத்துகின்றது.

மாத்தளையின் இறப்பர்க் காடொன்றில் காலையில் பால்வெட்டும் தொழிலாளியை எண்ணிப்பார்ப்போம். மேலே இலைக்கூரை, இடையிடையே வெயிற்பொட்டு, வாளியில் தூய வெள்ளைப் பால், அதன் மேல் குனிந்த கறுத்த முகம். காட்சி முழுவதையும் ஒளிமானி ஒருசேர அளந்தால் வெயிற்பொட்டும் பாலும் அளவை உயர்த்திவிடும். அதன்படி ஒளியூட்டினால் முகம் இரண்டாம் வலயத்துக்கோ அதற்குக் கீழோ இறங்கிவிடும். கண்ணும் வாயும் நெகட்டிவிற் பதியமாட்டா. பதியாத ஒன்றை எந்தத் தாளும் பின்னர் மீட்டுத் தராது.

மாறாக, ஒளிமானியை முகத்தருகே கொண்டுசென்று அதனை மட்டும் அளப்போம். கருவி எதனையும் நடுச்சாம்பலாக்கும் இயல்புடையது. ஐந்தாம் வலயமே அதன் இலக்கு. கறுத்த முகத்துக்கு நான்காம் வலயம் பொருத்தமாதலால் அளவிலும் ஒரு ஸ்டொப், அதாவது பாதி ஒளி, குறைத்துக் கொடுப்போம். பால், முகத்தைவிட ஐந்து ஸ்டொப் பிரகாசமாயின் அது ஒன்பதாம் வலயத்தில் விழுந்து வெறும் வெள்ளையாகும். உருத்துலக்கும் நேரத்தைச் சுமார் 20 வீதம் குறைத்தால் அது எட்டாம் வலயத்துக்கு இறங்கி, பாலின் நுரையும் தெரியும். முகமும் நிற்கும், உழைப்பின் பயனும் நிற்கும்.

உருத்துலக்கலுக்கு வகுக்கப்பட்ட நேரங்கள் 20 பாகை சென்ரிகிரேட்டுக்கு உரியவை. மாத்தளைப் பகுதியில் நீர் பெரும்பாலும் அதைவிட வெப்பமானது. 20 பாகையில் 10 நிமிடம் வேண்டிய படச்சுருளுக்கு 24 பாகையில் ஏறத்தாழ 7 நிமிடமே போதும். அட்டவணையைத் திருத்தாது பின்பற்றினால் வெளிச்சப் பகுதிகள் அடர்ந்து ஒளிமாறுபாடு தானாகவே முறுகிவிடும். நம் நாட்டுப் படங்கள் பலவற்றிற் காணும் கடுமைக்குக் கலைநோக்கத்தைக் காட்டிலும் தண்ணீரின் வெப்பமே காரணமாயிருத்தல் கூடும். உருத்துலக்கியை நீர்த்துப் பயன்படுத்தல், குறைவாகக் குலுக்கல், நேரத்தை ஐந்து நிமிடத்துக்குக் கீழே விடாமல் வைத்தல் ஆகியன இதற்குரிய பரிகாரங்கள்.

நிறக் கண்ணாடியான பில்டரின் தெரிவு இன்னும் வெளிப்படையானது. பச்சை பில்டர் இலையை ஒளிரச்செய்து கபிலத் தோலை இருளாக்கும். செம்மஞ்சள் பில்டர் தோலை ஒளிரச்செய்து இலையைப் பின்தள்ளும். தேயிலைச் சரிவில் நிற்கும் ஒளிப்படக்காரர், செடியைத் துலக்குவதா செடிக்குப் பின்னால் நிற்பவளைத் துலக்குவதா என்பதை வில்லையின் முன் எந்தக் கண்ணாடியைப் பொருத்துகிறாரோ அதன்மூலம் தீர்மானித்துவிடுகிறார்.

6

இந்த அறிவைத் துணையாகக்கொண்டு இருவகைப் படங்களை நாம் விமர்சிக்கவேண்டும். முதலாவது, போட்டிகளிலும் நாட்காட்டிகளிலும் பெருவழக்கான நிழலுரு. உதயசூரியனுக்கு எதிரே கூடை சுமந்து நிற்கும் பெண், மூடுபனி, கறுத்த கோட்டுருவம் என்பன அதன் வாய்பாடு. சங்க இலக்கியம் அறிந்த 'புனையா ஓவியம்' நிறமின்றியும் உருவத்தின் உறுப்புகளைக் கோட்டிலே தரவல்லது. இந்நிழலுருவோ உறுப்புகளையே விழுங்கிவிடுகிறது. இதில் தொழிலாளி ஒருத்தியின் இடத்தில் எவளையும் நிறுத்தலாம். அழகு இருக்கிறது, ஆள் இல்லை.

இரண்டாவது, முற்போக்கு எனக் கருதப்படும் கடுமைப் படம். ஐந்தாம் தரத் தாளில் அச்சிட்டு, சுருக்கங்களைக் கீறல்களாக்கி, கண்ணைக் குழியாக்கி, வறுமையை உரக்கக் கூறுவது அதன் முறை. இதன் நோக்கத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் நடுத்தொனிகளை அழித்த படம் மனிதனின் துயரை மாத்திரம் காட்டி, அவனுடைய சிந்தனையையும் நகையையும் எதிர்ப்பையும் அழித்துவிடுகின்றது. கோஷமே கவிதையாகாது என்று எழுத்துக்குக் கூறிய நாம் படத்துக்கும் அதனைக் கூறவேண்டும்.

ஹார்லமில் பிறந்த ரோய் டிகராவா (1919–2009) இவ்விடத்தில் நமக்கு ஒளிகாட்டுகிறார். 1955 இல் லாங்ஸ்டன் ஹியூஸின் எழுத்துடன் வெளிவந்த நூலில் கறுப்பின மக்களின் அன்றாட வாழ்வை அவர் தந்தார். அவருடைய அச்சுக்கள் இருண்டவை. ஆனால் அவ்விருளினுள்ளே முகங்கள் முழுமையாக உள்ளன. முகத்தைக் காட்டுவதற்கு அதனை வெளுக்கவேண்டியதில்லை என்பதை அவை நிறுவுகின்றன. நமது நகர நிலையங்களில், நெகட்டிவின் மேல் பென்சிலால் தீட்டி வாடிக்கையாளரைச் சிவந்த மேனியராக்கும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. கறுப்பாக்கி அழிப்பதும் வெளுப்பாக்கி அழிப்பதும் ஒரே சமூக மனோபாவத்தின் இரு பக்கங்கள்.

7

இவை யாவும் வெறும் அழகியற் பிரச்சினைகள் என எண்ணுவோர், மலையக மக்களின் வாழ்வில் ஒளிப்படம் எந்த வடிவில் முதலில் நுழைந்தது என்பதை நினைவுகூர்தல் வேண்டும். 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பான்மையினரை நாடற்றோராக்கிற்று. 1964 ஆம் ஆண்டின் ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் சமமாகப் பகிர்ந்துகொண்டன. எஞ்சியிருந்தோரின் பிரஜாவுரிமைப் பிரச்சினைக்கு 2003 ஆம் ஆண்டின் சட்டமே முடிவு தேட முனைந்தது. கடவுச்சீட்டுக்கும் அடையாள அட்டைக்கும் படம் வேண்டும். பெருந்தொகையான தோட்டக் குடும்பங்களுக்கு அச்சிறு கறுப்பு வெள்ளைப் படமே கையிற் கிட்டிய முதற் படமாயிருத்தல் கூடும். வெள்ளைத் திரைக்கு முன் கறுத்த முகம். ஒரே அளவான விளக்கு. ஒரே அளவான ஒளியூட்டல். அதில் கண்ணும் மூக்கும் தெரிவதும் தெரியாததும் அதிகாரியின் மேசையில் ஒரு மனிதரின் அடையாளப் பிரச்சினையாகும்.

அச்சிறு படங்களைக் கவனத்துடன் எடுத்த நிலையக்காரரும் இருந்தனர். அவர்தம் நெகட்டிவ்களுள் எஞ்சியவை எவரிடமாவது இருப்பின், அவை மலையக மக்களின் முக வரலாற்றுக்கு மூலாதாரமாகும். 1977, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்களில் மலையக நகரங்களின் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது குடும்பப் படங்களும் உடன் எரிந்தன. ஈரப்பதனும் பூஞ்சணமும் மற்றையவற்றை நாள்தோறும் தின்றுவருகின்றன.

2023 ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில், மலையக மக்களின் இருநூறு ஆண்டுகளை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபவனி இடம்பெற்றது. முன்னோர் நடந்த பாதையிலே அவர்தம் வழித்தோன்றல்கள் நடந்தனர். இம்முறை அந்நடை எண்ணற்ற படங்களிற் பதிந்தது. இன்று கமரா கைத்தொலைபேசிக்குள் வந்துவிட்டது. ஒளிமாறுபாட்டை அது தானாகவே தீர்மானிக்கிறது. தானாக என்பதன் பொருள், யாரோ ஒருவர் முன்கூட்டியே தீர்மானித்துவைத்திருக்கிறார் என்பதே. வெள்ளைப் பெண்ணொருத்தியின் படத்தை அளவாகக்கொண்டு நிறப்படங்களை ஒழுங்குசெய்த கொடக் நிறுவனத்தின் பழைய அட்டைகள் இதற்கு முன்னுதாரணம். கறுத்த தோலைச் செவ்வனே பதிவதைத் தனியான ஓர் அம்சமாக ஒரு கைத்தொலைபேசி நிறுவனம் 2021 இல் அறிவிக்கவேண்டியிருந்தமை, அப்பிரச்சினை நெடுங்காலம் தீராதிருந்ததைக் காட்டுகின்றது.

எனவே படமொன்றை மதிப்பிடும்போது, அது எதனைப் பற்றியது என்று கேட்பதோடு நாம் அமையலாகாது. அதன் மிக இருண்ட பகுதியில் யார் நிற்கிறார், அவ்விருள் காட்சியின் தேவையா, ஒளிப்படக்காரரின் அலட்சியமா, அதற்குள் நின்றவரைக் காப்பாற்றும் வழி அவருக்கு இருந்ததா என்றும் கேட்கவேண்டும். இவ்வினாக்களுக்கு விடைகூற விமர்சகர் இரசாயனத்தையும் ஓரளவு கற்கவேண்டியிருக்கும். ஒளிப்படக்காரர் வரலாற்றைக் கற்கவேண்டியிருக்கும். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் மலையக நகரங்களின் பழைய நிலையங்களிலும் லயங்களின் தகரப்பெட்டிகளிலும் எஞ்சியுள்ள நெகட்டிவ்களைத் தேடிச் சேகரித்து, ஒவ்வொரு முகத்துக்கும் பெயரை விசாரித்து எழுதிவைக்கும் பணியை மாத்தளையிலிருந்தே தொடங்கலாம். அவற்றை அச்சிடும்போது நிழலுக்குரிய தொனியை நிழலுக்குக் கொடுப்பது அப்பணியின் ஒரு பகுதியேயாகும்.